அரைபட்ட சட்டை நடந்து வருகிறது

அத்தியாயம் 6

கொசு வெறும் பனியனோடு என் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் உதவியாளன் இதைவிட மோசமான கோலத்திலும் வேலைக்கு வந்திருக்கிறான். ஆனால் கக்கத்தில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து மேசை மேல் விரித்தான் பாருங்கள், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. காலருக்குள், எங்கள் வழக்கில் வருகிற ஆடைக் கம்பெனியின் முத்திரை. தோளில் மட்டும் இரண்டு சொட்டு மஞ்சள் பெயின்ட்.

"எங்க கிடைச்சுது?"

"மில்லுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்தார், பாஸ். அவர் மேல இருந்துச்சு. சும்மா கழட்டிக் குடுங்கன்னா குடுப்பாரா? என் சட்டையைக் குடுத்து மாத்திக்கிட்டேன். என்னுதுதான் நல்லாருக்குன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். நஷ்டம் நமக்குத்தான்."

"அவருக்கு யார் குடுத்தாங்களாம்?"

"யாரும் குடுக்கலையாம். நேத்து சாயங்காலம் அந்த பஸ் ஸ்டாப் கொக்கியில தொங்கிச்சாம். யாரோ மறந்துட்டாங்கன்னு இருட்டற வரைக்கும் பார்த்தாராம். யாரும் வரல. எடுத்துப் போட்டுக்கிட்டார்."

நான் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு எதுவுமில்லை. யோசிப்பதைத் தள்ளிப்போடத்தான் பார்த்தேன்.

இந்த வழக்கை இப்படிச் சொல்லலாம். ஒரு மில் இருக்கிறது. பழைய துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கி, நூற்பாலைகளுக்கு அனுப்புகிற மில். ஒரு பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனி, தன்னிடம் விற்காமல் தங்கிவிட்ட புதுச் சட்டைகளை மூட்டை மூட்டையாக இந்த மில்லுக்கு அனுப்புகிறது. ஒரே ஒரு நிபந்தனை. எல்லாவற்றையும் அரைத்துவிட வேண்டும், ஒரு சட்டைகூட வெளியே போகக் கூடாது. மலிவாகத் தெருவில் கிடைத்தால் கடையில் யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் பயம். மில்லும் ஒவ்வொரு மூட்டைக்கும் 'அரைத்தாகிவிட்டது' என்று சான்று கொடுக்கிறது. அப்படிச் சான்று கொடுக்கப்பட்ட சட்டை ஒன்று, கம்பெனி அதிகாரியின் கார் சிக்னலில் நின்றபோது அவர் கண் முன்னாலேயே சாலையைக் கடந்து போனது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. திருடனின் பெயரைக் கொடுங்கள், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து என்று அதிகாரி சொல்ல, மில் முதலாளியம்மா என்னிடம் வந்தார்.

நான் பெயரைக் கொடுத்தேன். துணி பிரிக்கும் ஹாலின் சூப்பர்வைசர் அம்மா. மூட்டைகள் இருக்கும் அறையின் சாவி அவரிடம்தான். மூட்டையின் சீல் உடைத்துச் சட்டைகளைத் தள்ளுவண்டியில் போட்டு அனுப்புவதும் அவர்தான். என் தர்க்கம் நேர்கோடாக இருந்தது. நேர்கோடாக இருந்ததாலேயே சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். திங்கட்கிழமை நாற்பது பெண்கள் பார்க்க அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். டிபன் டப்பாவும் கண்ணாடிக் கூடும்தான் இருந்தன. இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கோடு போட்ட லோடு மில்லுக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும்.

"செவ்வாய்க்கிழமை. அந்தக்கா திங்கக்கிழமையே வீட்டுக்குப் போயாச்சு. வீட்ல உட்கார்ந்தபடியே கையை நீட்டி எடுத்திருந்தாங்கன்னா, அந்தக் கைக்கு நாம சர்க்கஸ்ல வேலை வாங்கித் தரலாம்."

சிரிப்பு வரவில்லை. இன்று மாலை நான்கு மணிக்கு அதிகாரி வருகிறார், பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்ள. அது ஒருமுறை கம்பெனியின் கைக்குப் போய்விட்டால் இந்தத் தொழிலில் எந்த மில்லும் அந்த அம்மாவைச் சேர்க்காது. பெயரே கொடுக்காவிட்டால் மில் நிற்கும்.

"கிளம்பு" என்றேன்.

"பனியனோடவா?"

"அந்தச் சட்டையைப் போட்டுக்க."

"தடயத்தையா? போலீஸ்ல இருந்திருந்தா இதுக்கே உங்களை சஸ்பெண்ட் பண்ணிருப்பாங்க, பாஸ்" என்றபடியே கையை நுழைத்தான்.

மில் வாசலில் காவலாளி என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். கொசுவின் பையையும் குடைந்தார். பிறகு கொசுவை மேலும் கீழும் பார்த்து, "நேத்து வந்ததுக்கு இன்னிக்குப் பரவால்லையே தம்பி, மனுஷன் மாதிரி இருக்கீங்க" என்று பாராட்டி உள்ளே விட்டார்.

பத்தடி நடந்ததும் நான் நின்றேன். "உன் மேல என்ன இருக்குன்னு அவர் பார்க்கவே இல்ல."

"பார்த்தாரே. மனுஷன்னு சொன்னாரே."

"பையைத்தான் பார்க்கறாங்க. போட்டிருக்கறதைப் பார்க்கறதில்ல. உள்ளே ஒண்ணு, மேல ஒண்ணு போட்டுக்கிட்டு யார் வேணும்னாலும் வெளியே போகலாம். ஒரு நாளைக்கு ஒரு சட்டை." இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

முதலாளியம்மாவின் அறை ஜன்னலிலிருந்து துணி பிரிக்கும் ஹால் தெரியும். நீளமான மேசைகள், இரண்டு பக்கமும் பெண்கள், நடுவில் துணிக் குவியல். ஒரு கை தொடும், ஒரு கை வீசும். நான் உட்காரவில்லை.

"மேடம், நான் குடுத்த பேரைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"பேர் என்ன குடையா? விட்டுட்டுப் போயிட்டு அப்புறமா வந்து வாங்கிக்கறதுக்கு?" என்றார். கோபம் என் மேல் மட்டுமில்லை, தன் மேலும் சேர்த்துத்தான் என்று பட்டது. "பதினோரு வருஷம் எங்கிட்ட வேலை பார்த்தவங்க. நீங்க சொன்னீங்கன்னு அனுப்பினேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

கொசு தன் காலரைத் திருப்பி முத்திரையைக் காட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம்" என்றான் கொசு. "இது நல்ல சட்டை. போட்டா எனக்கே பொருந்துது. இதை எதுக்கு அரைக்கணும்? ஊர்ல பழைய துணிக்கா பஞ்சம்?"

"மலையா குவிஞ்சு கிடக்கு தம்பி. கீழே போய்ப் பாருங்க. ஆனா எல்லாத்துலயும் பாலியஸ்டர் கலந்திருக்கு, இல்லேன்னா இழுத்தா நீள்ற நூல். லேபிள்ல சுத்தமான காட்டன்னு போட்டிருக்கும், தொட்டா இருக்காது. பாதிக்கு மேல கழிவுன்னு ஒதுக்கிடறோம். கலந்த நூலைப் பிரிக்கற மெஷின் எங்கேயோ இருக்காம். அதை வாங்க இந்த மில்லை மூணு தடவை விக்கணும். ஒரே தினுசா, கலப்பில்லாம எனக்கு வர்றது இந்தக் கம்பெனியோட சட்டைங்க மட்டும்தான்."

"அதாவது, புதுசை அரைச்சாத்தான் பழசை மீட்கிற மில் ஓடும்."

"அப்படிச் சொல்லாதீங்க. வேற மாதிரி சொல்லிச் சொல்லித்தான் நான் தூங்கறேன்" என்றார். மேசையிலிருந்த ஒரு சாஸரை நகர்த்தினார். "இதுல இப்ப அதுக்கும் கேடு. சுத்தமான காட்டனைத்தான் போடறோம், ஆனா பஞ்சுல இது வருது. நூற்பாலைக்காரன் திருப்பி அனுப்பிட்டான்."

சாஸரில் மிளகு அளவில் கட்டிகள். மெஷின் சூட்டில் உருகி இறுகியவை. ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு.

"இதை எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க திருட்டைப் பத்தித்தானே கேட்டீங்க?"

உண்மைதான். நான் காணாமல் போனதைப் பற்றி மட்டுமே கேட்டேன். வந்து சேர்ந்ததைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. "மூட்டை பிரிக்கும்போது ஒரு எடை, மெஷின்ல போடறதுக்கு முன்னாடி ஒரு எடை. ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு சொன்னீங்க இல்ல?"

"கிராம் பிசகாம."

அந்த எடையைச் சூப்பர்வைசர் பொய்யாக எழுதுகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இப்போதுதான் வேறொன்றும் சாத்தியம் என்று தோன்றியது. எடையில் பொய்யே இல்லாமல் இருக்கலாம்.

"ஒரு சட்டை வெளியே போனா, அதே எடைக்கு வேற ஏதோ உள்ளே போகுது. பச்சையா, ஆரஞ்சா, உருகற மாதிரி ஏதோ" என்றேன்.

"அது எங்கிருந்து வருது?" என்றார் முதலாளியம்மா.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னது அன்று அதுதான் முதல் தடவை.

பின்வாசலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. கழிவுத் துணியைக் குப்பைக் கிடங்குக்கு எடுத்துப்போகிற லாரி. அதன் டிரைவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழிவுக்கு அடியில் ஒளித்து எதை வேண்டுமானாலும் கடத்தலாமே என்று அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கொசு நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன அண்ணே, லோடு ஏத்தலையா?"

"ஏத்தியாச்சுப்பா. அவ்வளவுதான்."

கொசு எட்டிப் பார்த்தான். துணி லாரியின் விளிம்பைத் தொடவில்லை. "இது லோடா? எங்க வீட்டு அழுக்குத் துணி இதைவிட ஜாஸ்தி இருக்கும்."

"அதை ஏன் கேக்கறே. முன்னெல்லாம் வழிஞ்சு ரோட்டுல விழும். ட்ராஃபிக்காரன்கிட்டத் திட்டு வாங்காத நாள் இல்ல. இப்ப ஒரு மாசமா தினம் கொஞ்சம் குறையுது, விளிம்புக்கு மேல வர்றதே இல்ல. சரி, சனங்க திருந்திட்டாங்க போல, கலப்பில்லாத துணியா வாங்கிப் போட ஆரம்பிச்சுட்டாங்கன்னு நானே சந்தோஷப்பட்டுக்கிட்டேன்."

நானும் கொசுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பாஸ், குப்பையைத் திருடறவனைப் பிடிச்சா எந்த செக்‌ஷன்ல உள்ளே போடறது?"

"திருடல. இடம் மாத்தறாங்க" என்றேன். "கழிவு எங்கே குவிஞ்சு கிடக்கும் அண்ணே, நீங்க ஏத்தறதுக்கு முன்னாடி?"

டிரைவர் கையை நீட்டிக் காட்டினார். ஹாலுக்கும் மெஷின் அறைக்கும் நடுவில் ஒரு நடைவழி. அதன் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கழிவுத் துணி. ஹாலில் கேமரா உண்டு. மெஷின் அறையில் கேமரா உண்டு. இந்த நடைவழியில் இல்லை. குப்பைக்கு யார் காவல் போடுவார்கள்?

ஹாலிலிருந்து சட்டைகள் நிரம்பிய தள்ளுவண்டி இந்த வழியாகத்தான் மெஷினுக்குப் போகும். அதை வந்து தள்ளிப்போகிறவர் ஒரே ஒருவர். மெஷின் ஓட்டுபவர். மில்லில் எல்லோரும் அவரை மெஷின்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவரை நான் முதல் நாளே சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருந்தேன். கேமராவில் பார்த்தால் நிறைந்த வண்டியோடு வருவார், எடை போடுவார், துணியைப் பல் உருளைகளுக்குள் கொடுப்பார், வண்டி காலியாகும். துணி போவதைப் பார்த்தேன். என்ன துணி என்று பார்க்கவில்லை.

மெஷினை நிறுத்தி, அதன் பற்களில் சிக்கிய நூலை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டாத ஆள். காதில் பஞ்சு. மெஷினுக்கு அடியில் ஒரு தட்டு. துணி பிய்படும்போது பட்டன் மாதிரி கனமானவை அதில் உதிரும். கொசு குந்தி உட்கார்ந்து தட்டுக்குள் கையை விட்டான்.

"இன்னிக்குக் காலைலேருந்து கம்பெனிச் சட்டை மட்டும்தானே ஓடுச்சு அண்ணே?"

"ஆமா தம்பி."

கொசு கையை விரித்தான். ஒரே அச்சில் வார்த்த வெள்ளைப் பட்டன்கள். நடுவில் மேல்கோட்டுக்கு வைக்கிற பெரிய சிவப்புப் பட்டன் ஒன்று, ஒரு பாவாடை ஹூக்.

"கம்பெனி சட்டைக்குப் பாவாடை ஹூக் வைக்கிறது புது ஃபேஷனா?"

"எப்பவாவது ஒண்ணு ரெண்டு தப்பி வந்துடும்" என்றார் மெஷின்காரர். அவர் கை ஒரு நொடிதான் நின்றது. மறுபடியும் உருளையைத் துடைக்க ஆரம்பித்தது.

கொசு என் காதருகே, "ஆள் இவர்தான் பாஸ். மேலே போய்ச் சொல்லிடலாம்" என்றான்.

"திங்கக்கிழமையும் இதே மாதிரிதான் நிச்சயமா இருந்தேன்."

"அப்ப தப்பு. இப்ப சரி."

"அப்பவும் சரின்னுதான் சொன்னே."

எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. விற்கிறவன் பஸ் ஸ்டாப்பில் தொங்கவிட்டுப் போகமாட்டான். முதலாளியம்மாவின் அலமாரியிலிருந்து, முன்பு பிடிபட்ட மூன்று சட்டைகளையும் வாங்கி வந்து ஹாலின் ஓரத்து மேசையில் பரப்பினேன். அளவு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. நிறமும் அப்படியே. ஒன்றுக்குப் பாக்கெட் கோணல். ஆசைப்பட்டு எடுப்பவன் கோணல் பாக்கெட்டை எடுப்பானா? ஆயிரம் சட்டைகளுக்கு நடுவில் இந்த மூன்றை ஒருவன் ஏன் பொறுக்க வேண்டும்?

"கைக்கு வந்ததை எடுத்திருப்பார்" என்றான் கொசு. சொல்லிக்கொண்டே தன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். "ஆனா ஒண்ணு. இந்த ஒரு பட்டன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிக்குது பாஸ். மத்ததெல்லாம் பொண்ணு பார்க்க வந்த கூட்டம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு."

"என்ன சொன்னே?"

"சும்மா சொன்னேன்."

நான் அவன் கழுத்தைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தேன். ஒரு பட்டன். அதற்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு குட்டித் தண்டு மாதிரி செய்திருந்தது. மெஷின் அப்படித் தைக்காது. மேசையிலிருந்த சட்டைகளைத் தடவினேன். ஒன்றில் மூன்றாவது பட்டன். ஒன்றில் கை மணிக்கட்டுப் பட்டன். கோணல் பாக்கெட் சட்டையில் இரண்டு. எல்லாவற்றிலும் அதே சுற்று, அதே முடிச்சு. திறந்த மூட்டை ஒன்றிலிருந்து ஒரு கை நிறையச் சட்டைகளை அள்ளிப் பார்த்தேன். எல்லாப் பட்டனும் படிந்து கிடந்தன.

சட்டையைப் பார்த்து எடுக்கவில்லை. தைத்த கையைப் பார்த்து எடுத்திருக்கிறார்.

நடைவழியில் அவர் வண்டியோடு வந்தபோது நாங்கள் இருவரும் கழிவுக் குவியலோரம் நின்றிருந்தோம். நான் எதுவும் சொல்லாமல் கொசுவின் சட்டைப் பட்டனைக் காட்டினேன்.

அவர் கை வண்டியின் பிடியை விட்டது.

"உங்க வீட்ல எங்கே வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் கம்பெனியிலதான்மா" என்றார். குரல் எழும்பவே இல்லை. "கடைசி மேசை. பட்டன் விழுந்து திரும்ப வர்ற சட்டைக்குக் கையால வச்சுத் தைக்கிற வேலை. ரெண்டு சுத்து போதும்பாங்க. இவ அஞ்சு சுத்து சுத்துவா. நேரம் வீணாகுதுன்னு திட்டு வாங்கிக்கிட்டே சுத்துவா."

"அவங்களுக்கு இங்கே இதெல்லாம் வர்றது..."

"தெரியாது. எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. ராத்திரி சோறு போடும்போது கேப்பா, 'ஏங்க, நான் தைச்ச சட்டையை இப்ப யாராவது போட்டிருப்பாங்க இல்ல?' அப்படின்னு. முதல்ல 'ஆமா'ன்னு சொல்லிட்டிருந்தேன். அப்புறம் அந்த லோடு இங்கே வர ஆரம்பிச்சுது. பட்டன் பட்டில கட்டை விரலை ஓட்டுவேன், அவ தைச்சது வந்தா விரல் தானா நின்னுடும். நின்ன விரலோட எப்படிம்மா உள்ளே தள்றது?"

கொசுவின் கை தானாகத் தன் மேல் பட்டனைத் தடவியது.

"அவளோடது எல்லாத்தையும் எடுக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒண்ணு. உள்ளே போட்டுக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாப்புல மாட்டிட்டு வந்துடுவேன். அதே எடைக்குக் குப்பைலேருந்து எடுத்து வண்டியில போட்டுடுவேன். அன்னிக்கு ராத்திரி அவ கேட்டா, 'ஆமா, ஒருத்தன் போட்டிருக்கான்'னு சொல்லலாம். பொய்யில்ல பாருங்க."

"உங்களுக்குப் பதிலா அந்தம்மாவை அனுப்பினாங்களே" என்றேன். யார் அனுப்ப வைத்தது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியும். ரெண்டு நாளா சோறு இறங்கல. நேத்துச் சொல்லிடணும்னு மேல ஏறிப் பாதிப் படி வரைக்கும் போனேன். என்னைச் சொன்னா எதுக்கு எடுத்தேன்னு கேப்பாங்க. காரணத்தைச் சொன்னா அவளை இழுத்துடுவாங்க." அவர் கை கூப்பவில்லை, கெஞ்சவில்லை. ஒரு வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் மாதிரி சொன்னார். "என் பேரைச் சொல்லிடுங்கம்மா. பட்டனைச் சொல்லாதீங்க."

அதிகாரி நான்கு மணிக்குச் சரியாக வந்தார். மென்மையாகப் பேசுகிற, இஸ்திரி கலையாத மனிதர். கொசுவை நான் லாரி டிரைவரிடம் அனுப்பி வேறு சட்டை கடன் வாங்கிப் போடச் சொல்லியிருந்தேன். அது அவன் முட்டி வரை தொங்கியது.

"சூப்பர்வைசர் இல்லைங்கறீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"கழிவு குறைஞ்சுது சார். மெஷின் தட்டுல வேற பட்டன் இருந்துச்சு. பஞ்சுல கட்டி வந்துச்சு." மூன்றும் உண்மை. நான்காவதை விழுங்கிக்கொண்டேன்.

அவர் மெஷின்காரரைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு எடுத்தீங்க?"

"ஆசைப்பட்டுட்டேன் சார்" என்றார் மெஷின்காரர். "புதுசா இருந்துச்சு."

என் பக்கம் அவர் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். ஒரு நல்ல மனிதன் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொள்கிறான், அதற்கு நான் சாட்சி. அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளியம்மா கையெழுத்துப் போட்டார். மெஷின்காரர் காதிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஹால் வழியாக வெளியே போனார்.

"இனிமே பிரச்சினை இருக்காது" என்று அதிகாரி எழுந்தார். "அடுத்த மாசம் லோடு ரெண்டு மடங்கா வரும் மேடம். இந்த சீசன் சரியா போகல."

"சரிங்க" என்றார் முதலாளியம்மா. வேறு என்ன சொல்வார்? கார் போன பிறகும் அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

சூப்பர்வைசர் அம்மாவுக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் அறைக்குள் வந்ததும் நான் எழுந்து நின்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"மன்னிச்சுடுங்க. நீங்க எடுக்கல. மெஷின்காரர்தான்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒரு மாசமாத் தெரியும்."

கொசு தன் வாழ்க்கையில் முதல் முறையாக நாற்காலியில் உட்கார மறந்து நின்றான்.

"தெரிஞ்சுமா பையைக் கொட்டினப்போ பேசாம நின்னீங்க?" என்றேன்.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அவனைக் காட்டினா அவன் பொண்டாட்டி வரைக்கும் போகும். இங்கே வர்றதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியில அந்தப் பொண்ணு பக்கத்துலதான் நான் உட்கார்ந்து பட்டன் தைச்சேன், அவ சுத்து எனக்குத் தெரியாதா? எனக்கு வேலை இன்னும் ரெண்டு வருஷம்தான், கண்ணும் போச்சு. போனாப் போகுதுன்னு இருந்தேன். அவங்களுக்குப் படிக்கிற பிள்ளைங்க ரெண்டு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க கண்டுபிடிக்கலைன்னு இங்கே யாரு அழுதாங்க?"

நான் முதலில் தவறாகக் கண்டுபிடித்து ஒருவரைக் கெடுத்தேன். பிறகு சரியாகக் கண்டுபிடித்து இன்னொருவரைக் கெடுத்தேன். இரண்டில் எது பெரிய தவறு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"பட்டனைச் சொன்னீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சொல்லல."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப சரி. இந்த மன்னிப்பை ரூமுக்குள்ள வச்சு எங்கிட்டக் குடுக்காதீங்க. எல்லார் முன்னாடியும்தான் என்னை அனுப்பினீங்க. வாங்க."

ஹாலுக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடவில்லை. ஓட்ட ஆளில்லை. அதனால் என் குரல் கடைசி மேசை வரை கேட்டது. சூப்பர்வைசரம்மா எதையும் எடுக்கவில்லை என்றும், நான் சரியாக விசாரிக்காமல் அவர் பெயரைச் சொன்னேன் என்றும், தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். யாரும் கையை நிறுத்தவில்லை. துணிகள் வலப்பக்கமும் இடப்பக்கமும் விழுந்துகொண்டே இருந்தன.

"பையை நீங்களே கொட்டியிருந்தா இன்னும் ஜோரா இருந்திருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு ஓடியது. அது எனக்கு வேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன்.

நான் திரும்பும்போது கடைசி மேசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"ஏம்மா, மெஷின்காரர் எடுத்தாருன்னு சொல்றாங்களே. எதுக்கு எடுத்தாராம்?"

இப்போதுதான் கைகள் நின்றன. நாற்பது முகங்களும் நிமிர்ந்தன. சூப்பர்வைசரம்மா மட்டும் ஒரு மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசைப்பட்டாராம்" என்றேன். "புதுசா இருந்துச்சாம்."

நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் துணி மேல் குனிந்தன. கேட்டவரின் கட்டை விரல் மட்டும், கையிலிருந்த கம்பெனிச் சட்டையின் பட்டன் பட்டியில் ஓடி, ஒரு பட்டனில் நின்றது.